பேரும் பேரின்மையும்: ஸென் பௌத்தத்தின் அங்கீகாரத் துறப்புப் பற்றி ஒரு நோக்கு

1

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவில் எஹலியகொட அமைந்துள்ளது. அதனைச் சூழவுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில், மலையகத்தின் ஏனைய தோட்டங்களிற் போலவே, ‘பேர்’ என்னுஞ் சொல்லுக்குப் பொது வழக்கில் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒருவர் அன்றைய வேலையை முழுமையாகச் செய்தார் எனச் செக்ரோலிற் பதியப்படுவதே அங்கு ‘பேர்’ எனப்படும். பறித்த கொழுந்தோ எடுத்த பாலோ குறித்த நிறைக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். மழை பெய்து மரம் நனைந்து பால்வெட்டு நின்றுவிட்டால், வேறு வேலை கொடுக்கப்பட்டாலன்றி, அன்றைக்குப் பேரே இல்லை. தாய் தந்தையர் இட்ட பெயர் ஒன்றிருக்க, ஒவ்வொரு நாளும் புதிதாக உழைத்துப் பெறவேண்டிய பேர் வேறொன்றாக இருக்கின்றது. மனிதனின் பெயரும் அவனது கூலியும் ஒரே சொல்லில் இணைந்து நிற்கும் இவ்வழக்கு, பெருந்தோட்டப் பொருளாதாரம் தமிழ்மொழிக்கு அளித்த கசப்பான கொடைகளுள் ஒன்று எனலாம்.

இக்கட்டுரை ஸென் பௌத்தத்தைப் பற்றியது. அதனைத் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத்தில் ஸென் கதைகளும் ஸென் தியானம் பற்றிய நூல்களும் தமிழிற் பெருகி வந்துள்ளன. அவற்றுள் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படும் கருத்துகளுள் ஒன்று, பிறர் தம்மை அங்கீகரிக்கவேண்டும் என்ற வேட்கையைக் கைவிடுதல் என்பதாகும். புகழை நாடாதே, பாராட்டை எதிர்பாராதே, உன் பெயர் மறைந்து போகட்டும் என இந்நூல்கள் கூறுகின்றன. இக்கருத்தின் உண்மையான உள்ளடக்கம் யாது? எத்தகைய சமூகச் சூழலில் அது தோன்றியது? பேர் உள்ளவனுக்குக் கூறப்பட்ட அறிவுரை, பேர் மறுக்கப்பட்டவனிடம் கூறப்படும்போது என்னவாகின்றது? இவ்வினாக்களை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

2

முதலில் ஸென் கூறுவதை அதன் நிலைநின்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒரு கருத்தை மறுப்பதற்கு முன்னர் அதனை அதன் வலிமையான வடிவத்தில் எடுத்துரைப்பது ஆய்வாளரின் கடன்.

வடமொழியில் ‘தியானம்’ எனவும் பாலியில் ‘ஜான’ எனவும் வழங்குஞ் சொல்லே சீனத்திற் ‘சான்’ எனவும் யப்பானில் ‘ஸென்’ எனவும் திரிந்தது. இம்மரபின் முதலாசானாகப் போற்றப்படுபவர் போதிதருமர். அவர் காஞ்சிபுரத்தவர் என்பது தமிழரிடையே பெருமையுடன் பேசப்படுகின்றது. ஆயின் சான்றுகள் அத்துணைத் தெளிவாக இல்லை. கி.பி. 547 அளவில் எழுந்த சீன நூலொன்று அவரைப் பாரசீகத்தவர் என்கின்றது. பின்னர் எழுந்த முன்னுரையொன்று தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கின்றது. காஞ்சித் தொடர்பு அதற்கும் பிந்திய மரபில் வருவதாகும். போதிதருமரைத் ‘தமிழர்’ என உரிமை கொண்டாடும் ஆர்வமும் ஒருவகை அங்கீகார வேட்கையே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அவரைப் பற்றிய கதைகளுள் முதன்மையானது, லியாங் வம்சத்து ஊ மன்னனுடன் (ஆட்சி 502–549) அவர் நிகழ்த்திய உரையாடலாகும். கோயில்கள் பல எடுப்பித்தும் துறவிகளைப் புரந்தும் வந்த அம்மன்னன், தன் செயல்களால் விளைந்த புண்ணியம் எவ்வளவு என வினவினான். எதுவும் இல்லை எனப் போதிதருமர் விடையிறுத்தார். என் முன் நிற்கும் நீ யார் என்று மன்னன் கேட்டதற்கு, அதுவும் தமக்குத் தெரியாதென்றார். பின் ஆற்றைக் கடந்து வடக்கே சென்றார் என்பது கதை.

இக்கதையின் கூர்மையை உணர்வதற்கு அக்காலப் பௌத்தத்தின் பொருளியல் அடிப்படையை நோக்குதல் வேண்டும். அரசரும் நிலவுடைமையாளரும் மடங்களுக்கு நிலமும் பொன்னும் வழங்கினர். அதற்கீடாகப் புண்ணியம் அவர்களது கணக்கிற் சேர்ந்தது. கொடை ஒருபுறமும் புண்ணியம் மறுபுறமுமாக ஒருவகைப் பரிவர்த்தனை நிகழ்ந்தது. மன்னனின் வினா உண்மையில் ஒரு கணக்கு வினாவே. போதிதருமரின் மறுமொழி அப்பரிவர்த்தனையையே நிராகரிக்கின்றது. நற்செயலை வரவு வைப்பதற்கு ஏடு இல்லை. வரவு வைத்துக்கொள்வதற்கு ‘நான்’ என்ற நிலையான கணக்காளனும் இல்லை என்பதே அதன் உட்பொருள்.

ஸென் பயிற்சி இதனைக் கொள்கையளவில் நிறுத்தாது நடைமுறையாக்கியது. பயன் எதனையும் கருதாது அமர்ந்திருத்தல் அதன் மையம். அமர்ந்திருப்பவர் தாம் நன்றாக அமர்ந்திருக்கின்றோம் என்று எண்ணும் கணமே, தம்மைப் பார்க்கும் பிறர் கண் ஒன்றைத் தம்முள் அமர்த்திவிடுகின்றார். அவ்வாறெழும் எண்ணத்தை அடக்க முனையாமலும், அதன் பின்னே செல்லாமலும், எழுந்தவாறே அடங்கவிடுதல் பயிற்சியாகும். அடுத்தது உடலுழைப்பு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வாழ்ந்த பாய்ஜாங் என்ற ஆசான், முதுமையில் மாணவர் தம் கருவிகளை மறைத்து வைத்தபோது, வேலை செய்யாத அன்று உணவுண்ண மறுத்தார் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் யப்பானில் வாழ்ந்த டோகென் (1200–1253), மடத்துச் சமையற்காரனின் பணியைத் தனி நூலொன்றில் விரித்துரைத்தார். அரிசியில் கல் பொறுக்குவதும் தியானமே என்ற நோக்கு அதில் உண்டு. லின்ஜி என்ற சீன ஆசான் பேசிய இலட்சிய மனிதனோ பதவி எதுவுமற்றவன். பதவிநிலைகளாலேயே கட்டப்பட்டிருந்த தாங் பேரரசின் சமூகத்தில் இவ்வாறு பேசுவதற்குத் துணிவு வேண்டும்.

ஆகவே அங்கீகார வேட்கையைத் துறத்தல் என்பது ஸென்னைப் பொறுத்தவரை வெறும் அடக்கமோ பணிவோ அன்று. பிறர் கண்ணில் தன்னைக் காண முயலும் மனம் தன் செயலிலிருந்தே அந்நியமாகின்றது என்ற நுட்பமான கண்டுபிடிப்பு அதிலுண்டு. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் இளைய மார்க்ஸ் அந்நியமாதலை ஆராய்ந்தபோது, உழைப்பின் விளைபொருள் உழைப்பவனுக்கே அந்நியமாகி அவனுக்கு எதிராக நிற்கும் நிலையை விளக்கினார். ஸென் ஆசான்கள் அந்நியமாதலின் அகவடிவம் ஒன்றைத் தொட்டிருந்தனர். ஆயின் அதன் புறக்காரணியை அவர்கள் தேடவில்லை.

3

எந்தக் கருத்தும் அதனைப் பேணும் நிறுவனத்திற்கு வெளியே வாழ்வதில்லை. அங்கீகாரத்தைத் துறக்கக் கூறிய ஸென், அங்கீகாரத்தை வழங்கும் மிகக் கண்டிப்பான முறையொன்றையும் உருவாக்கிக்கொண்டது. ஆசானிடமிருந்து மாணவனுக்கு ஞானம் கைமாறியமைக்குச் சான்றாக அங்கியும் கலமும், பின்னர் எழுத்திலமைந்த பத்திரமும் வழங்கப்பட்டன. புத்தரிலிருந்து தொடங்கி இன்னார் வழி இன்னார் என வம்சாவளிப் பட்டியல்கள் வரையப்பட்டன.

ஆறாம் குருவாகக் கருதப்படும் ஹுய் நெங் (638–713) பற்றிய கதை இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. அவர் தென்னாட்டவர், எழுத்தறியாதவர், விறகு விற்றுப் பிழைத்தவர். மடத்திற் சேர்ந்தபின் நெற்குற்றும் கொட்டிலில் மாதக்கணக்கில் வேலை செய்தவர். கல்வியிற் சிறந்த தலைமாணாக்கர் ஒருவர் இருக்கவும், ஐந்தாம் குரு நள்ளிரவில் இரகசியமாக இவரை அழைத்துத் தம் அங்கியை வழங்கினார் என்றும், இவர் அதனைக் கொண்டு தெற்கே ஓடிப் பல்லாண்டுகள் வேடரிடையே மறைந்து வாழ்ந்தார் என்றும் மரபு கூறும். பெயரற்ற உழைப்பாளி கற்றோரை வென்ற கதையாக இது நம்மைக் கவர்கின்றது.

ஆயினும் 1926இல் சீன அறிஞர் ஹு ஷி பாரிஸ், லண்டன் நூலகங்களில் இருந்த துன்ஹுவாங் ஏடுகளை ஆராய்ந்து வேறொரு வரலாற்றை வெளிக்கொணர்ந்தார். ஹுய் நெங்கின் பெயரை நிலைநாட்டியவர் அவரது மாணவரான ஷென் ஹுய் (684–758). இவர் 730களில் எதிர்ப்பிரிவினரைப் பொதுமேடையில் தாக்கித் தம் குருவே உண்மை வாரிசு என வாதிட்டார். 755இல் ஆன் லுஷான் கலகம் மூண்டு அரசு நிதிநெருக்கடியில் வீழ்ந்தபோது, துறவுச் சான்றிதழ்களை விற்று அரசுக்குப் பணம் திரட்டிக்கொடுத்தார். அரசின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. போதிதருமர் மன்னனிடம் புண்ணியம் எதுவுமில்லை எனக் கூறிய கதையும் முதன்முதலிற் காணப்படுவது இவர் தொடர்பான ஏடுகளிலேயே. அங்கீகாரத் துறப்பைப் போற்றும் கதைகள் அங்கீகாரத்திற்கான கடும் போட்டியிலே வார்க்கப்பட்டன என்பது வரலாற்றின் நகை.

இதனை ஸென்னுக்குள்ளேயே உணர்ந்தவர் இல்லாமலில்லை. யப்பானியத் துறவியும் கவிஞருமான இக்கியு (1394–1481) தமக்கு வழங்கப்பட்ட ஞானச் சான்றுப் பத்திரத்தை அழித்தார் என மரபு கூறுகின்றது. சான்றிதழ் வாணிகமாக மாறிய காலத்தில் அச்செயல் ஒரு கண்டனமாயிற்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். இக்கியுவிடம் அழிப்பதற்கு ஒரு பத்திரம் இருந்தது.

4

ஸென்னின் நவீன வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். மேலைநாட்டிற்கு ஸென்னை அறிமுகப்படுத்தியவர்களுள் முதல்வரான ஷாக்கு சோயென் (1860–1919), 1887இல் இலங்கைக்கு வந்து தென்கரையில் காலிப் பகுதியில் தங்கிப் பாலியும் தேரவாத ஒழுக்கமும் பயின்றார். தாயகம் திரும்பி, 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற உலக மதங்களின் மாநாட்டிற் பங்குபற்றினார். டி. டி. சுசுக்கி இவரது மாணவர்.

சோயென் இலங்கையிலிருந்த ஆண்டுகள் இத்தீவின் சமூக வரலாற்றில் முக்கியமானவை. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1876இல் ஹெனரத்கொடவில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகள் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் வழிவந்த மரங்களே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கையும் சப்பிரகமுவையையும் நிறைக்கவிருந்தன. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்கள் மலையேறிக்கொண்டிருந்தன. ‘நான்’ என்பதைக் கரைக்கும் பயிற்சியை நாடி ஒருவர் கடல் கடந்து வந்திருந்த அதே தீவில், ‘நான்’ என்பதற்குரிய குறைந்தபட்ச அடையாளங்களும் இழந்து பல்லாயிரவர் வந்திறங்கினர்.

சோயெனின் பிற்கால வாழ்வு நமது ஆய்வுக்கு மேலும் இன்றியமையாதது. 1904இல் ருஷிய-யப்பானியப் போர் மூண்டபோது, சமாதானத்திற்காகக் கூட்டுக்குரல் எழுப்புமாறு டால்ஸ்டாய் விடுத்த வேண்டுகோளை அவர் ஏற்க மறுத்தார். இராணுவத்தின் மதகுருவாகப் போர்க்களமுஞ் சென்றார். அடுத்த தலைமுறையில் ‘நான்’ அற்ற நிலை என்பது பேரரசனுக்காகத் தயக்கமின்றி உயிர் கொடுப்பதற்கும் உயிர் எடுப்பதற்கும் உரிய மனநிலையாக விளக்கப்பட்டது. பிரயன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை விரிவான சான்றுகளுடன் நிறுவியது. தன்னை அழித்தவனின் வெற்றிடத்தில் அரசு வந்து அமர்ந்துகொண்டது.

ஆனால் அதே மரபில் இன்னொருவரும் இருந்தார். உச்சியாமா குடோ (1874–1911) ஹக்கோனே மலைப்பகுதியிலுள்ள சிறு கோயிலொன்றின் ஸென் துறவி. வறிய குத்தகை விவசாயிகளிடையே வாழ்ந்த அவர், நிலவாடகை கொடுக்க மறுக்குமாறும் பேரரசனின் தெய்வீகத்தை நம்பாதிருக்குமாறும் கூறும் துண்டுப்பிரசுரத்தை 1908இல் இரகசியமாக அச்சிட்டார். அரசத்துரோக வழக்கிற் சிக்க வைக்கப்பட்டு 1911 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அவர் சார்ந்திருந்த சோட்டோ பிரிவு 1910இலேயே அவரைத் துறவியர் நிலையிலிருந்து நீக்கிவிட்டது. 1993இல் அந்நிலையை மீள அளித்தது.

சோயெனும் குடோவும் துறந்தவர்களே. முன்னவர் தம் தனிப்பட்ட புகழைத் துறந்து அதிகாரத்தின் புகழோடு ஒன்றினார். பின்னவர் அதிகாரத்தின் அங்கீகாரத்தைத் துறந்து, பேரற்ற குடியானவரோடு ஒன்றினார். எதைத் துறந்தார் என்ற வினாவோடு, யாருடைய அங்கீகாரத்தைத் துறந்தார் என்ற வினாவும் சேரும்போதே துறவின் வர்க்க உள்ளடக்கம் புலனாகின்றது. எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைத்த மறு அங்கீகாரம் இறந்தவருக்குப் பயன்படாது. அதனால் அது வீண் என்றும் கூறமுடியாது. அது உயிரோடிருப்பவர் தம் நிறுவனத்தின் குற்றத்தை ஏற்றுக்கொண்ட செயல்.

5

இனிச் சப்பிரகமுவைக்கு மீள்வோம்.

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை அவர்களுக்கு வழங்கப்பட்ட தாள்களின் வரலாறாகவும் எழுதலாம். தொடக்கத்தில் இருந்தது ‘துண்டு’. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் எனக் குறிக்குஞ் சீட்டு அது. எழுத்தில் அவரது பெயர் இடம்பெற்றது கடனாளியாகவே. 1921ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் அம்முறையை ஒழித்தது. செக்ரோல் தொடர்ந்தது. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையின் ஒரு பகுதி அவர்களையும் எட்டியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் தெரிவாயினர். அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களே நாடற்றோர் என்ற நிலையைப் பெரும்பாலும் முடிவுக்குக் கொணர்ந்தன.

இதில் இடதுசாரிகளாகிய நமக்குரிய பங்கையும் மறைத்தலாகாது. 1948இல் சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அச்சட்டத்தை எதிர்த்தன. ஆனால் 1964 யூனில் சமசமாசக் கட்சி அரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டின் ஒப்பந்தம் அவ்வரசாங்கத்தின் ஒப்பந்தமே. தோட்டத் தொழிலாளரின் பிரசாவுரிமை, வர்க்கப் போராட்டத்தின் ‘பெரிய’ பிரச்சினைகளுக்குப் பின் தள்ளப்பட்டது. அங்கீகாரக் கோரிக்கை இரண்டாந்தரமானது என்று கருதியவர்கள் ஸென் துறவியர் மாத்திரமல்லர்.

சப்பிரகமுவையின் நிலைமை மேலுஞ் சிக்கலானது. நுவரெலியாவிற் போன்று பரந்து தொடர்ச்சியாக அமையாமல், இங்கு தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினூடே சிதறிக் கிடக்கின்றன. எண்ணிக்கையால் அரசியற் பலம் பெறும் வாய்ப்பு இங்குள்ள தமிழ்த் தொழிலாளருக்குக் குறைவு. 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட லயங்களும் தாக்குதலுக்குள்ளாயின. அவிசாவளையிலிருந்து எஹலியகொட வழியாக ஓபநாயக்க வரை சென்ற ஒடுங்கிய பாதை இருப்புப்பாதை 1976இல் மூடப்பட்டது. தேசிய மயமாக்கலும் 1992இன் பின் வந்த தனியார் முகாமையும் முதலாளியை மாற்றின, ‘பேர்’ மாறவில்லை.

பால்வெட்டும் தொழிலாளியின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். குளிர்ந்த வேளையிலேயே பால் நன்கு சுரக்குமாதலால் விடியுமுன் அவர் புறப்படுகின்றார். இருநூற்றைம்பது, முந்நூறு மரங்களில் ஒவ்வொன்றாகப் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, சிரட்டையைப் பொருத்தி, அடுத்த மரத்திற்கு நகர்கின்றார். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்படும்; சற்று மேலோடினால் பால் வராது. மழைமேகம் கூடுகின்றதா என ஒரு கண் வானத்தில் இருக்கும். சில மணி நேரத்தின் பின் மீண்டும் அதே வழியே வந்து பாலை வாளியிற் சேர்க்கின்றார். தனிமை, ஒருமுகப்பாடு, அளவறிந்த கை அசைவு, மௌனம் ஆகிய எல்லாம் இங்குள்ளன. ஸென் நூலாசிரியர் ஒருவர் இதனைக் கண்டிருந்தால் தியானத்தின் முழுமை என்று எழுதியிருப்பார். ஆனால் நிறுவையில் நிறை குறைந்தால் அரைப்பேர். டோகெனின் சமையற்காரன் கல் பொறுக்கியபோது அவனது உணவு மடத்தால் உறுதிப்படுத்தப்பட்டிருந்தது. பால்வெட்டுபவரின் உணவு அவரது பேரிலேயே தங்கியுள்ளது.

6

இங்கு ஒரு கோட்பாட்டுத் தெளிவு வேண்டப்படுகின்றது. ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல் குறைந்தது மூன்று வேறுபட்ட பொருள்களை மூடி நிற்கின்றது. முதலாவது, ஒருவரை உரிமையுள்ள மனிதராக ஏற்றல். பிரசாவுரிமையும் வாக்குரிமையும் இதன்பாற்படும். இரண்டாவது, ஒருவரது உழைப்பை உழைப்பாகக் கணக்கிடல். பேரும் கூலியும் இதன்பாற்படும். மூன்றாவது, ஒருவரைப் பிறரினும் மேம்பட்டவராகப் பாராட்டல். புகழும் பட்டமும் பொன்னாடையும் இதன்பாற்படும்.

ஸென் துறக்கச் சொல்வது மூன்றாவதையே. ஊ மன்னன் தேடியது அதுவே. முதலிரண்டும் அவனுக்குக் குறைவின்றி இருந்தன. முதலிரண்டையும் இழந்தவர்களிடம் சென்று மூன்றாவதற்குரிய அறிவுரையைக் கூறுவது, கருத்து எந்த அளவு உயர்ந்ததாயினும், ஆளும் வர்க்கத்தின் பணியைச் செய்வதாகிவிடும். துறத்தலுக்கும் மறுக்கப்படுதலுக்குமிடையே உள்ள வேறுபாட்டை அது அழித்துவிடுகின்றது.

ஹெகல் 1807இல், ஆண்டானும் அடிமையும் ஒருவரையொருவர் அங்கீகரிக்கும் போராட்டத்தில் தன்னுணர்வு பிறப்பதாக விளக்கினார். அவரது அமைப்பில் ஆண்டானுக்கு அடிமையின் அங்கீகாரம் தேவை. 1952இல் பிரான்ஸ் ஃபனொன் இதனைத் திருத்தினார். குடியேற்றவாத ஆண்டான் அடிமையிடம் வேண்டுவது அங்கீகாரத்தையல்ல. வேலையை மட்டுமே என்றார். செக்ரோலைக் கண்டவருக்கு இத்திருத்தம் விளங்கும். தோட்டத்துரைக்குத் தொழிலாளியின் மதிப்பு வேண்டியதில்லை, நிறை வேண்டும். இத்தகைய உறவில் தொழிலாளி அங்கீகாரத்தைக் கோருவது அகந்தை ஆகாது. அதுவே உற்பத்தி உறவை வினாவுக்குள்ளாக்குஞ் செயல். 2023இல், மலையக மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் தம் வரலாறும் உழைப்பும் ஏற்கப்படவேண்டும் என்று கோரியது இப்பொருளிலேயே. அதனைப் புகழ்வேட்கை என எவருங் கூறார்.

7

இலக்கிய மாணவராகிய நாம் இவ்வேறுபாட்டை நமது துறையிலும் பிரயோகித்துப் பார்த்தல் வேண்டும்.

நாட்டார் பாடல்களின் ஆசிரியர் பெயர் தெரியாமையை ஒரு பெருமையாகப் பேசுவது ஆய்வாளரிடையே வழக்கம். தன்னை மறைத்துக்கொண்ட மக்கட் கவிஞன் எனப் புகழ்வோம். தமிழ் மரபில் பேரின்மைக்கு அழகிய எடுத்துக்காட்டுகளும் உண்டு. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் போன்றோர் தாம் ஆண்ட தொடராலேயே அறியப்படுகின்றனர். அவர்களது இயற்பெயர் மறைந்தது, கவிதையே பெயராயிற்று. வாய்மொழி மரபில் ஒரு பாடலை நூறுபேர் திருத்திப் பாடுகையில் தனியொருவர் உரிமை கொண்டாட இடமில்லை. இது கூட்டுப் படைப்பின் பேரின்மை; செழுமையானது.

ஆனால் தோட்டப் பாடல்களின் பேரின்மை முழுவதும் இவ்வகையினதா? சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் அப்பாடல்களைத் தொகுத்திராவிடின் பெரும்பகுதி அழிந்திருக்கும். அப்பாடல்களிற் பலவற்றைப் பாடிய பெண்கள் எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். அவர்கள் பெயரைத் துறக்கவில்லை. பெயரைப் பதிய அவர்களிடம் ஏடு இருக்கவில்லை. இதற்கு மாறாக, கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை 1940இல் தொழிலாளர் துயரைப் பாடல்களாக்கித் தம் பெயரோடு அச்சிட்டு வெளியிட்டார். தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். அவர் பெயரை இட்டது புகழுக்காகவன்று. அவ்வெழுத்திற்குப் பொறுப்பேற்றதன் அடையாளம் அது. அன்றைய நிலைமையில் அப்பொறுப்புக்கு விலையும் உண்டு.

இவ்விடத்தில் நம்மையும் விசாரணைக்குட்படுத்த வேண்டியுள்ளது. தோட்டத்திற்குச் சென்று லயத்துத் திண்ணையில் அமர்ந்து பாடல் பதிவுசெய்து வரும் நாம், அதனைக் கட்டுரையாக்குகின்றோம், ஆய்வேடாக்குகின்றோம், பட்டம் பெறுகின்றோம். நூலின் முகப்பில் இருப்பது நமது பெயர். பாடியவர் ‘தகவலாளி’ ஆகின்றார். சில வேளைகளில் ‘எஹலியகொடப் பகுதி மூதாட்டி’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றார். செக்ரோலில் அவருக்கு அரைப்பேராவது இருந்தது. நமது ஆய்வேட்டில் அதுவுமில்லை. பேரின்மையின் பெருமையை நாம் எழுதும்போது, நமது பேரை மட்டும் நாம் துறப்பதில்லை.

ஸென் இவ்விடத்திலேயே நமக்குப் பயன்படக்கூடியது. அதன் அறிவுரை உண்மையில் ஊ மன்னனுக்குரியது. கோயில் கட்டியவனுக்கும் நூல் எழுதியவனுக்கும் மேடையேறியவனுக்கும் உரியது. தோட்டத் தொழிற்சங்க வரலாற்றிற் பிளவுகள் பல நேர்ந்துள்ளன. அவற்றுட் கொள்கை வேறுபாடு எவ்வளவு, பேருக்கான போட்டி எவ்வளவு என வரலாற்றாசிரியர் பிரித்தறிதல் எளிதன்று. முற்போக்கு இலக்கிய வட்டங்களிலும் அவ்வாறே. கூட்டம் முடிந்தபின் பாய் சுருட்டுபவரும், இரவிரவாக அச்சுப்படி திருத்துபவரும், பெயர் வராது என்று தெரிந்தும் அடுத்த இதழுக்கு உழைப்பவரும் இல்லாமல் எந்த இயக்கமும் நின்றதில்லை. அவர்களுக்கு ஸென் தேவையில்லை. அவர்கள் அதனை ஏற்கனவே பயில்கின்றனர். மேடையிலிருப்போருக்கே அது தேவை.

8

தொகுத்து நோக்குவோமாயின், அங்கீகார வேட்கையைத் துறத்தல் என்ற ஸென் கருத்தை முழுமையாக ஏற்பதும் முழுமையாக நிராகரிப்பதும் ஒருங்கே தவறாகும். அதனுள் அந்நியமாதல் பற்றிய நுண்ணறிவு உண்டு. உடலுழைப்பை இழிவெனக் கருதாத மரபும் உண்டு. அதே வேளை, சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது அது பேரரசின் படைக்கலனாகவும் மாறியது. அதனை மதிப்பிடுதற்குரிய அளவுகோல், யார் யாரிடம் எதைத் துறக்கச் சொல்கின்றார் என்பதே.

இதிலிருந்து நடைமுறைக்குரிய முடிவுகள் இரண்டு பிறக்கின்றன. தோட்டத் தொழிலாளர் உரிமையாகவும் கூலியாகவும் கோரும் அங்கீகாரம் முழுமையாக வழங்கப்படும்வரை, அக்கோரிக்கைக்குத் துணை நிற்றல் நமது கடமையாகும். அத்துணையில் நமது பெயர் முன்னிற்க வேண்டுமென்ற விருப்பத்தைக் கைவிடுதல் நமது பயிற்சியாகும். முதலாவது இல்லாத இரண்டாவது வெறும் தனிமனிதத் தூய்மை. இரண்டாவது இல்லாத முதலாவது தலைமைப் போட்டியாகச் சீரழியும்.

எஹலியகொடத் தோட்டமொன்றில் நாளை விடியுமுன் ஒருவர் கத்தியோடும் வாளியோடும் புறப்படுவார். மாலையில் செக்ரோலில் அவருக்கு ஒரு பேர் விழும், அல்லது அரைப்பேர் விழும். அவரிடம் பெற்ற பாடலை நாம் அச்சிடும்போது, அவர் விரும்பினால், அதன் கீழ் அவரது முழுப்பெயரை இடுவோம். வேண்டாமென்றால் அதுவும் அவரது தெரிவே. அத்தெரிவு அவரிடம் இருப்பதுதான் துறவு என்ற சொல்லுக்குப் பொருள் தரும்.